சதுர அடி என்ன விலை? ஒரு கேள்வியின் கதை



யாராவது வீடு பார்க்கிறேன் என்று சொன்னால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "எந்த ஏரியா?" என்பீர்கள். அடுத்த மூச்சில், "சதுர அடி என்ன ரேட்?" என்பீர்கள். இந்த இரண்டாவது கேள்வி நம் சென்னைக்குப் புதிது. அதற்கு வயது சுமார் ஐம்பதுதான். நம் தாத்தாக்கள் வீடு கட்டியபோது அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்வி வேறு. "மேஸ்திரி யாரு?" என்றுதான் கேட்டார்கள்.

ஆளைப் பற்றிய கேள்வி எப்படி விலையைப் பற்றிய கேள்வியாக மாறியது? அந்த மாற்றத்தில் வீடு வாங்குகிறவர் எதை இழந்தார், எதைத் திரும்பப் பெற்றார்? இதைத் தெரிந்துகொள்ள இப்போது நமக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் சொந்த வீடு தேடுகிறார்கள். இன்னொரு பக்கம், 1980-களில் எழும்பிய அடுக்ககங்களை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று பில்டர்கள் நகரமெங்கும் குடியிருப்போர் சங்கங்களைத் தேடி வருகிறார்கள். இரண்டிலும் எதிரில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

மேஸ்திரியை நம்பிய காலம்

சென்னையில் நிலத்துக்கு அளவு கிரவுண்டு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 24 கிரவுண்டு ஒரு காணி. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கியபோது மக்கள் வாங்கியது மனைதான், வீடு அல்ல. பிறகு நகர அபிவிருத்தி டிரஸ்ட் வந்தது, சி.ஐ.டி. நகர் என்ற பெயரில் அது இன்னும் வாழ்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வசதி வாரியம் வந்தது. வாரியம் கட்டிய வீடுகளுக்கு விலை பேச வழியில்லை. அரசு சொன்ன விலைதான். மற்றவர்கள் எல்லாரும் மனை வாங்கி, ஆள் பிடித்துக் கட்டினார்கள்.

ஒப்பந்தம் இரண்டு வகை. கூலி மட்டும் பேசுவது ஒன்று. பொருளோடு சேர்த்துப் பேசுவது இன்னொன்று. அளவு 'சதுரம்', அதாவது நூறு சதுர அடி. கூலி ஒப்பந்தத்தில் செங்கல், மணல், ஜல்லி, கம்பி எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. சிமென்ட் கடையில் நினைத்தபடி கிடைக்காது. அதன் விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததால் பர்மிட் வாங்கி வரவேண்டும். கிடைத்த மூட்டையை எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள்.

இதில் தொல்லைகள் ஏராளம். மேஸ்திரி பாதியில் இன்னொரு வேலைக்குப் போய்விடுவார். கையில் பணம் தீர்ந்தால் லிண்டல் மட்டத்தோடு சுவர் நிற்கும். ஆனால் வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய பலம் இருந்தது. கடைக்கால் தோண்டியதைப் பார்த்தார், பணம் கொடுத்தார். தளம் போட்டதைப் பார்த்தார், பணம் கொடுத்தார். நிலம் முழுவதும் அவர் பெயரில் இருந்தது. மேஸ்திரியைத் தேர்ந்தெடுக்கும் வழியும் எளியது: அவர் முன்பு கட்டிய வீட்டுக்குப் போய், "மழைக்கு ஒழுகுதா?" என்று கேட்பது. பேரத்தில் விலை ஒரு பகுதிதான். நடந்து முடிந்த வேலைக்குத்தான் பணம் என்பது அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

ஃப்ளாட் வந்தது

1970-களில் பல விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. 1971-இல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 1974-இல் பெருநகர வளர்ச்சிக் குழுமம் சட்டப்படியான அமைப்பானது. 1975-இல் முதல் மாஸ்டர் பிளான். எந்த மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்ற கணக்கு பழக்கத்துக்கு வந்தது. சாதாரணக் கட்டடத்துக்கு அது 1.5. ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டலாம் என்று பொருள். அந்த நாள் முதல் நிலத்தின் மதிப்பு, அதன் மேல் எத்தனை சதுர அடி எழும்பும் என்பதில் போய் நின்றது.

1978-இல் தமிழ்நாடு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. பெரிய பங்களா மனைகளை வைத்திருந்த குடும்பங்களுக்கு அது ஒரு கவலை. வாரிசுகள் பிரித்துக்கொள்வது இன்னொரு கவலை. 1977-இல் ஹெச்.டி.எஃப்.சி. தொடங்கி, மாதச் சம்பளக்காரருக்கு வீட்டுக் கடன் என்ற வழியைத் திறந்தது. 1982-இல் சிமென்ட் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1989-இல் முழுதும் நீங்கியது.

இவற்றுக்கு நடுவில் பில்டர் வந்தார். நிலம் ஒருவருடையது, கட்டுபவர் இன்னொருவர். எழும்பும் வீடுகளில் இன்ன பங்கு நிலக்காரருக்கு, மீதி பில்டருக்கு என்று பேசி, நிலக்காரர் பவர் எழுதிக் கொடுத்தார். பில்டர் தன் பங்கை விற்றார். வாங்குகிறவருக்கு இரண்டு காகிதங்கள்: நிலத்தில் பிரிபடாத பாகத்துக்கு (யுடிஎஸ்) ஒரு கிரயப் பத்திரம், வீட்டைக் கட்டித் தர ஒரு கட்டுமான ஒப்பந்தம். உங்கள் பீரோவில் உள்ள பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் இந்த அமைப்பு தெரியும்.

இங்கேதான் பேரம் தலைகீழானது. பார்த்த வேலைக்குப் பணம் என்பது போய், வரப்போகும் வேலைக்குப் பணம் என்று ஆனது. கையில் இருப்பது ஒரு வரைபடமும் ஒரு தேதியும் மட்டுமே. இல்லாத வீட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டோம். அந்த எண்தான் 'சதுர அடி ரேட்'. ரேட்டில் நூறு ரூபாய் குறைத்துவிட்டால் ஜெயித்ததாக நினைத்தோம்.

நீண்டுகொண்டே போன சதுர அடி

ரேட்டைக் குறைக்கச் சொல்லி வாங்குகிறவர் அழுத்தினால் விற்பவர் என்ன செய்வார்? ரேட்டைக் குறைத்தார், சதுர அடியைக் கூட்டினார். வீட்டுக்குள் இருக்கும் தரையோடு வெளிச்சுவர் சேர்ந்தது, பால்கனி சேர்ந்தது. பிறகு மாடிப்படி, லிஃப்ட், வராந்தா, வாட்ச்மேன் அறை ஆகியவற்றில் ஒரு பங்கு சேர்ந்தது. 'சூப்பர் பில்ட்-அப்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்குப் பொது விதி இல்லை. ஒவ்வொரு பில்டருக்கும் ஒரு கணக்கு.

ஒரு உதாரணம் பாருங்கள். முதல் பில்டர் 1,000 சதுர அடி வீட்டைச் சதுர அடி 6,000 ரூபாய் என்கிறார். மொத்தம் 60 லட்சம். ஆனால் உள்ளே நீங்கள் புழங்கும் இடம் 700 சதுர அடி. இரண்டாமவர் அதே 1,000 சதுர அடிக்கு 6,500 ரூபாய் சொல்கிறார். மொத்தம் 65 லட்சம். உள்ளே 800 சதுர அடி. ரேட்டை மட்டும் பார்த்தால் முதல்வர் மலிவு. புழங்கும் இடத்தை வைத்து வகுத்தால் முதல்வரிடம் சதுர அடி சுமார் 8,571 ரூபாய், இரண்டாமவரிடம் 8,125 ரூபாய். பேரம் பேசி ஜெயித்தவர் அதிக விலை கொடுத்திருக்கிறார்.

இதோடு கார் பார்க்கிங், மின் இணைப்பு, மெட்ரோ வாட்டர் டெபாசிட், சட்டச் செலவு, கார்பஸ் நிதி என்று ரேட்டுக்கு வெளியே ஒரு வால் வளர்ந்தது. 'ஆல் இன்க்ளூசிவ்' என்று வாயால் சொன்னது ஒப்பந்தத்தில் இருக்காது.

பம்பாய் முன்னே, நாம் பின்னே

ஃப்ளாட் வாழ்க்கை நமக்கு முன்பே பம்பாயில் வேரூன்றியிருந்தது. அதனால் அங்கே தகராறும் முன்பே வந்தது, சட்டமும் முன்பே வந்தது. மகாராஷ்டிரா 1963-லேயே அடுக்ககங்களுக்கென ஒரு சட்டம் போட்டது. நிலத்தின் உரிமை ஆவணங்களையும் வரைபடத்தையும் வாங்குகிறவருக்குக் காட்ட வேண்டும். பணம் வாங்கும் முன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பவை அதன் முக்கியமான பிரிவுகள்.

நம் மாநிலத்தில் அடுக்கக உரிமைச் சட்டம் 1994-இல்தான் வந்தது. அதுவும் ஃப்ளாட் வாங்கிய பிறகு உள்ள உரிமையைப் பற்றியே அதிகம் பேசியது. வாங்கும்போது நடக்கும் பேரத்துக்கு நெடுநாள் துணையாக இருந்தது நுகர்வோர் சட்டம். 1986-இல் வந்த அந்தச் சட்டத்தில் 1993-இல் திருத்தம் செய்து, வீடு கட்டித் தருவதையும் 'சேவை' என்று சேர்த்தார்கள். அதே ஆண்டு லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் வீடு கட்டித் தருவது சேவைதான், குறை இருந்தால் இழப்பீடு உண்டு என்று உறுதி செய்தது. அதன்பின் நுகர்வோர் மன்றங்களில் பில்டர்கள் மீதான புகார்கள் குவிந்தன. ஆனால் இது நோய் வந்தபின் கொடுக்கும் மருந்துதான். பணம் கொடுக்கும் நாளில் வாங்குகிறவரின் கை இறங்கியேதான் இருந்தது.

இதற்கிடையே இன்னொரு கசப்பும் சேர்ந்தது. அனுமதித்த வரைபடம் ஒன்று, எழும்பிய கட்டடம் ஒன்று. விதிமீறல்கள் பெருகியதால், 28 பிப்ரவரி 1999-க்கு முன் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கி வரன்முறை செய்ய 113-ஏ என்ற பிரிவையே சட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. கூடுதல் மாடியில் வீடு வாங்கியவருக்குத் தன் வீடு சட்டப்படி இருக்கிறதா இல்லையா என்பதே பல ஆண்டுகள் தெரியாமல் இருந்தது. குறைந்த ரேட்டில் கிடைத்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

மவுலிவாக்கம்

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் கட்டுமானத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்து இடித்தார்கள்.

அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. பலரும் முன்பணம் கட்டியிருந்தார்கள். வங்கிக் கடனும் பெற்றிருந்தார்கள். "அப்ரூவல் இருக்கு, பேங்க் லோன் கிடைக்குது, அப்புறம் என்ன?" என்ற நம் வழக்கமான வாதம் அன்று சரிந்தது. திட்ட அனுமதி என்பது இடைவெளி, உயரம், எஃப்.எஸ்.ஐ. போன்றவற்றைப் பார்ப்பது. மண் தாங்குமா, தூண் தாங்குமா என்பது கட்டுபவரும் அவர் அமர்த்தும் பொறியாளரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வங்கி பார்ப்பது தன் கடனுக்கான பத்திரத்தை. ஆக, "மேஸ்திரி யாரு?" என்ற பழைய கேள்வியை நமக்காகக் கேட்க யாருமே இல்லை.

2019 பிப்ரவரியில் மாநிலம் முழுவதுக்கும் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வு செய்யும் பொறியாளர் போன்றவர்கள் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும், அவர்கள் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பது அவற்றில் இடம்பெற்றது. அந்தப் பெயர்களைக் கேட்டு வாங்க உங்களுக்கு இன்று வழி இருக்கிறது.

ரெரா எதைத் திருப்பிக் கொடுத்தது?

2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டுக்கான விதிகள் வந்தன. அதன் முக்கியமான பிரிவுகளைப் படித்தால், இதுவரை நாம் பார்த்த ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு வரி எழுதியிருப்பது தெரியும்.

சதுர அடி நீண்டதற்குப் பதில்: விற்பனை கார்பெட் ஏரியா கணக்கில் இருக்க வேண்டும். உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது.

வாயால் பேசியதற்குப் பதில்: விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமானால் முதலில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

நம் பணத்தில் வேறு இடத்தில் நிலம் வாங்கியதற்குப் பதில்: வசூலில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருந்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவாக வேண்டும்.

வரைபடம் மாறியதற்குப் பதில்: கட்டடத்தின் வரைபடத்தையும் பொது இடங்களையும் மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

ஒழுகும் சுவருக்குப் பதில்: ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

தாமதத்துக்குப் பதில்: நாம் தவணை தவறினால் எந்த வட்டியோ, அவர் தேதி தவறினாலும் அதே வட்டி.

கடைசி வரி சாதாரணமாகத் தெரியலாம். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைப் பாருங்கள். வாங்கியவர் தவணை தாமதித்தால் 18 சதவீத வட்டி. பில்டர் பணத்தைத் திருப்பித் தரத் தாமதித்தால் 9 சதவீதம் என்று ஒப்பந்தம் சொன்னது. இப்படி ஒருதலைப்பட்சமாக எழுதிய ஒப்பந்தம் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். அச்சடித்த ஒப்பந்தத்தை மாற்ற முடியாது என்று விற்பனைப் பிரிவில் சொன்னால் இந்தத் தீர்ப்பை நினைவில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் ரெரா பதிவு கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர் என்பது சுமார் இரண்டேகால் கிரவுண்டு. நம் தெருக்களில் ஒரு கிரவுண்டில் நான்கு வீடு, ஆறு வீடு என்று எழும்புபவை பெரும்பாலும் இந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன. அங்கே மேலே சொன்ன ஒவ்வொரு வரியையும் நீங்களே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி வாங்க வேண்டும்.

இப்போது நம் முறை

இதுவரை நாம் வாங்குகிறவராக மட்டும் இருந்தோம். மறுகட்டுமானம் என்று வந்தால் நாம் 1980-களின் நிலக்காரர் இடத்தில் உட்காருகிறோம். முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் பேச்சு நின்றுவிடும். 2022-ஆம் ஆண்டின் புதிய அடுக்கக உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தபின், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்கு வழி உண்டு. ஆகவே "நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்பது இனி முழுப் பாதுகாப்பு ஆகாது. பேரத்தில் பங்கெடுத்தால்தான் உங்கள் பங்கு காப்பாற்றப்படும்.

பில்டருக்கு இதில் என்ன லாபம் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். 1.5-ஆக இருந்த எஃப்.எஸ்.ஐ. 2019 விதிகளில் 2 ஆனது. 10 கிரவுண்டு, அதாவது 24,000 சதுர அடி மனையில் முன்பு 36,000 சதுர அடி கட்டியிருப்பார்கள். இன்று 48,000 கட்டலாம். சாலை அகலமாக இருந்தால் அரசுக்குப் பணம் கட்டி இன்னும் கூட்டலாம். அந்தக் கூடுதல்தான் பேச்சுவார்த்தை மேஜையில் இருக்கும் பொருள். அதே மனையில் 20 சம வீடுகள் இருந்தால் ஒருவருக்கு யுடிஎஸ் 1,200 சதுர அடி. 30 வீடுகள் வந்தால் 800. வீடு பெரிதாகும்போது நிலம் சிறிதாகிறது. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித்தான் பார்க்க வேண்டும்.

புது வீடு வாங்கினாலும் சரி, பழையதை இடித்துக் கட்டினாலும் சரி, கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்:

1. யார்? அந்த பில்டர் ஒப்படைத்து ஐந்தாறு ஆண்டுகள் ஆன இரண்டு கட்டடங்களுக்குப் போங்கள். மாடல் ஃப்ளாட்டைப் பார்க்க வேண்டாம். அங்குள்ள சங்கச் செயலாளரைப் பாருங்கள். ஒழுகுதா, பணி நிறைவுச் சான்றிதழ் எப்போது வந்தது, குறை சொன்னால் ஆள் வந்தாரா என்று கேளுங்கள். ரெரா இணையதளத்தில் அவருடைய திட்டங்களையும் பாருங்கள்.

2. எவ்வளவு இடம்? கார்பெட் ஏரியா, யுடிஎஸ், கார் நிறுத்தும் இடம், மூன்றும் எண்ணாக எழுத்தில் வேண்டும்.

3. எப்போது? ஒப்படைக்கும் தேதி, தவறினால் என்ன என்பது வேண்டும். மறுகட்டுமானத்தில் வாடகையை இத்தனை மாதம் என்று பேசாதீர்கள். சாவி கையில் வரும் வரை என்று பேசுங்கள். பாதியில் நின்றால் ஈடாக வங்கி உத்தரவாதம் கேளுங்கள்.

4. எதைக் கொண்டு? மண் ஆய்வு அறிக்கை, கட்டமைப்புப் பொறியாளர் பெயர், கம்பி, சிமென்ட், கதவு, டைல்ஸ், லிஃப்ட் விவரம் ஆகியவை இணைப்பாக வேண்டும். 'அல்லது அதற்கு இணையான' என்ற சொல் இருந்தால் எதற்கு இணை என்று கேளுங்கள்.

5. என்ன விலை? இது கடைசியில். மொத்தத் தொகையைக் கேட்டுக் கார்பெட் ஏரியாவால் வகுங்கள். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு இல்லை. 2023 டிசம்பர் முதல் புது ஃப்ளாட்டுகளை நிலப் பங்கும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் பதிவு செய்கிறார்கள்; முத்திரைத் தீர்வையையும் அந்த மதிப்பில் போட்டுக் கூட்டுங்கள்.

முதல் நான்குக்கும் எழுத்தில் பதில் தரும் பில்டரிடம் ஐந்தாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நஷ்டம் இல்லை. முதல் நான்குக்கும் மழுப்புகிறவர் ஐந்தாவதில் எவ்வளவு குறைத்தாலும் அது லாபம் ஆகாது.

அடுத்த பொதுக்குழுவில் மறுகட்டுமானம் பற்றிப் பேச்சு வந்தாலும் வராவிட்டாலும், இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரப் பகுதியில் யுடிஎஸ் எத்தனை சதுர அடி என்று பார்த்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். யார் வந்து பேசினாலும் உங்கள் பேரம் தொடங்க வேண்டியது அந்த எண்ணிலிருந்துதான்.